கோணல் வீடு

ஒரு கட்டடத்தின் கோணலைப் பிழை என்பதா, சரித்திரம் என்பதா? இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டது இங்கிலாந்துக் கிராமத்து மதுவிடுதி ஒன்று. அதை நான் நேரில் கண்டவனல்லன், படங்களில் பார்த்ததுதான்.

ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஹிம்லி என்ற ஊருக்கருகே 1765-ல் பண்ணை வீடாக அதைக் கட்டினார்கள். நேராகத்தான் கட்டினார்கள். 1830 வாக்கில் அது மதுவிடுதியாயிற்று. அடியிலே நிலக்கரி தோண்டத் தோண்டப் பூமி உள்வாங்கி, வீட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய நாலடி இறங்கிவிட்டது. கீழே கரி வெட்டியவன் மேலே வந்து, தான் சாய்த்த வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு கோப்பை பியர் குடித்திருப்பான் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கூடவே வேறு என்னவோவும் வருகிறது.

1940-களில் ஆபத்தான கட்டடம் என்று இடிக்கப் பார்த்தார்கள். பியர் தயாரிக்கும் கம்பெனி ஒன்று வாங்கி, முட்டுச்சுவரும் இரும்பு உத்தரமும் கொடுத்து, சாய்ந்தபடியே நிற்க வைத்தது. அங்கே கோலிக்குண்டை வைத்தால் மேட்டை நோக்கி உருள்வதுபோல் தோன்றுமாம். குடிக்காதவனும் தள்ளாடுகிற இடம்!

2023 ஜூலையில் அது கைமாறியது. ஆகஸ்டு 5-ஆம் தேதி இரவு தீப்பற்றிக்கொண்டது. 7-ஆம் தேதி, அனுமதியில்லாமலே இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். ஊர் கொதித்தது. 2024 பிப்ரவரியில் உள்ளாட்சி மன்றம் உத்தரவு போட்டது: மூன்றாண்டுக்குள் பழையபடியே கட்ட வேண்டும். பழையபடியே என்றால், கோணலாக!

இங்கேதான் நான் திகைத்தேன். மண்ணும் மனிதனும் சேர்ந்து தலைமுறை தலைமுறையாகச் செய்த சாய்வை, ஒரு கொத்தனார் தூக்குநூலும் ரசமட்டமும் வைத்து அளந்து செய்தால், அது சாய்வா, வேஷமா? பழைய செங்கல்லையே அடுக்கினாலும் வேஷம்தான் என்று பட்டது. மனை வெறுமையாகவே கிடக்கட்டும், அதுதான் உண்மைக்கு மரியாதை என்று கூட எண்ணினேன்.

ஆனால், சற்று யோசியுங்கள். வெற்று மனையால் லாபம் யாருக்கு? இடித்தவருக்கல்லவா? ‘அசல் போன பிறகு போலி எதற்கு?’ என்ற என் ரசனையை அவர் எவ்வளவு சௌகரியமாகக் கையிலெடுத்துக்கொள்வார்! அந்த அசலே 1940-கள் முதல் இரும்பில் சாய்ந்துகொண்டு நின்றதுதானே? அன்று யாரும் அதைப் போலி என்று சொல்லவில்லை.

ஆகவே, கட்டட்டும் என்கிறேன். அரைமனசோடுதான். கதவு திறக்கும் நாளில் பழைய வாடிக்கைக்காரக் கிழவர் எவராவது வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்து வைத்துப் பார்ப்பார். அது அந்த விடுதியா இல்லையா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.