காடையரும் கலைஞனும்

கொடுமையைச் சித்திரிப்பவன் அதனைக் கண்டிக்கின்றானா, அன்றி அழகுசெய்து விற்கின்றானா? பிரித்தானிய உதைபந்தாட்டக் காடைத்தனம் பற்றிய படங்களையும் நாவல்களையும் முன்வைத்துப் பார்க்குமிடத்து இவ்வினாவிற்கு விடை எளிதாக வருவதில்லை.

1989 பெப்ரவரியில் பி.பி.சி. தொலைக்காட்சி அலன் கிளார்க்கின் ‘த ஃபேர்ம்’ என்னும் படத்தைக் காட்டிற்று. கரி ஓல்ட்மன் நடித்த பெக்ஸ் என்பவன் அதில் காடையர் தலைவன். அவன் வேலையற்றவனல்லன், சேரிவாசியுமல்லன். வீடு விற்றுக் கொடுக்கும் தரகன். நல்ல உடையும், வசதியான வீடும், மனைவியும், மழலை மாறாத குழந்தையும் உடையவன். வறுமையே வன்முறையின் தாய் என்று வகுப்பறையிற் சொல்லிப் பழகிய எம்மை (நானும் அவ்வாறு சொல்லி வந்தவனே) பெக்ஸ் சங்கடத்துக்கு உள்ளாக்குகின்றான். தாட்சர் காலத்து இங்கிலாந்து போட்டியையே அறமெனப் போதித்தது; அப்பாடத்தை நன்கு கற்ற மாணாக்கன் இவன். அவன் வைத்திருந்த கத்தியைக் குழந்தை எடுத்து வாயில் வைத்துவிடும் காட்சியைக் கண்டபின் எவரும் அவனைப்போல் ஆக விரும்பார். இங்கே கலைஞன் எதையும் விற்கவில்லை.

1995இல் வந்த ‘ஐ.டி.’ படத்தில், காடையருள் மாறுவேடத்தில் ஊடுருவும் காவலன் ஒருவன் அவ்வெறியில் தானே இன்பங் காண்கிறான். ஜோன் கிங்கின் ‘த ஃபுட்போல் ஃபக்டரி’ நாவலும் அடிபிடியின் கிளர்ச்சியை மறைக்கவில்லை; ஆயினும் பழைய போர்வீரன் ஒருவனையும் அருகில் நிறுத்தி எம்மைச் சிந்திக்க வைக்கின்றது. 2005இல் வெளிவந்த ‘கிரீன் ஸ்ட்ரீட்’டோ வேறு வகை. பல்கலைக்கழகத்தினின்று நீக்கப்பட்ட அமெரிக்க இளைஞன் லண்டன் காடையரோடு சேர்ந்து அடிபட்டு, ‘ஆண்மை’ பெற்று ஊர் திரும்புகிறான். இது விற்பனையே, ஐயமில்லை.

நிற்க. ‘த ஃபேர்ம்’ வெளிவந்து இரண்டு மாதங்கள் கழியுமுன், 1989 ஏப்ரல் 15இல், ஷெவீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் இரசிகர்கள் நெரிபட்டு மாண்டனர். பின்னர் இறந்தோரையும் சேர்த்து அவர்தொகை 97. அவர்களை ஓடவிடாது தடுத்தவை காடையருக்கு அஞ்சி எழுப்பிய கம்பி வேலிகள். வாயிலைத் திறக்கும்படி கட்டளையிட்டது பொலிஸ். இரசிகரே அதை உடைத்தனர் எனப் பொய்யுரைத்ததும் பொலிஸே. நாடு அதனை நம்பியது. நம்பியதற்குக் காரணம் இல்லாமலில்லை: 1985இல் பிரசல்ஸ் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் இரசிகர் பாய்ந்து தாக்கியபோது 39 பேர் இறந்தது உண்மை. அந்த அச்சத்தினால், தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளையொன்று கழுத்தில் வர்ணத்துண்டு கட்டி மைதானத்துக்குச் சென்றால் அதுவும் காடையெனக் கொள்ளப்பட்டது.

கிளார்க்கை இதற்குக் குற்றஞ்சாட்டுதல் அநீதி. ஆனால் காடையனைப் பற்றிய கதைகளே மலிந்து, வெறும் இரசிகனைப் பற்றிய கதை அருகுமாயின், அவ்வெற்றிடத்தைப் பொய் நிரப்பிவிடுகின்றது. ஜிம்மி மக்கவன் 1996இல் ஹில்ஸ்பரோ குடும்பங்களைப் பற்றித் தொலைக்காட்சி நாடகம் எழுதினார். மாண்டோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும், இரசிகர்மீது பழியில்லை என்றும் யூரிமார் தீர்ப்பளித்தது 2016இல். இருபத்தேழு ஆண்டுகளின் பின். அன்றிரவோ, பிள்ளைகளின் உடல்களை அடையாளங் காண வந்த பெற்றோரிடம் அவர்கள் எவ்வளவு மது அருந்தினர் என்று விசாரித்தார்கள். இறந்த சிறுவரின் இரத்தத்திலும் மதுவைத் தேடினார்கள்.