பெருக்கமரத்தின் விட்டம்

மன்னார்த் தீவின் பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்கமரம் உயரத்தினாலன்றிப் பருமையினாலேயே காண்போரை வியக்கவைப்பது. ஏறத்தாழ 7.5 மீற்றர் உயரமே உடைய அம்மரத்தின் அடிச்சுற்றளவு 19.5 மீற்றர் எனக் கூறப்படுகின்றது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இவ்வினத்தை அராபிய வணிகர் இக்கரைக்குக் கொணர்ந்தனர் என்பது பொதுவான கருத்து. சுற்றளவை நாடா கொண்டு எவரும் அளந்துவிடலாம். விட்டமோ மரத்தின் உள்ளே கிடப்பது; அதன்மீது நாடாவை வைப்பதற்கு மரத்தையே அறுத்தல் வேண்டும். ஆயினும் அது 6.2 மீற்றர் என்று பாடசாலை மாணவனும் தயங்காது கூறுவான். காணாத பொருள்பற்றிய இவ்வுறுதி எங்கிருந்து பிறக்கின்றது?

மாணவன் கையாளும் 22/7 என்னும் விகிதத்தைக் கொண்டு கணித்தால் விட்டம் 6.2045 மீற்றராகும். 3.1416 என்னும் நுண்ணிய பெறுமானத்தைக் கொண்டால் 6.207 மீற்றர். வேறுபாடு இரண்டரை மில்லிமீற்றர். மரப்பட்டையின் ஒரு சுருக்கத்துள் மறைந்துவிடத் தக்கது. தச்சனும் வள்ளம் கட்டுவோனும் இவ்விடத்தில் நின்றுவிடுவர், நிற்பதிற் குறையுமில்லை.

ஆரியபட்டர் நிற்கவில்லை. கி.பி. 499ஐ ஒட்டி எழுந்த ஆரியபட்டீயத்தில், விட்டம் 20,000 ஆயின் பரிதி 62,832 என்று கூறியவர், அதனை 'ஆசன்னம்', அதாவது அண்மையானது, என்றும் குறித்தார். உண்மையான அளவை விடுத்து அண்மையான அளவைக் கூறுவானேன் என்ற வினாவை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளின் பின், கேரளத்து நீலகண்ட சோமயாஜி தம் உரையில் எழுப்பினார். எந்த அலகினால் விட்டம் மிச்சமின்றி அளக்கப்படுமோ, அதே அலகினாற் பரிதியை அளந்தால் மிச்சம் விழும். அலகைச் சிறிதாக்க மிச்சமும் சிறிதாகுமேயன்றி இல்லாதொழியாது என்பது அவர் தந்த விடை. இவ்வுண்மைக்கு ஐரோப்பாவில் லம்பேர்ட் 18ஆம் நூற்றாண்டில் நிறுவல் கண்டார்.

இம்மிச்சம் நாடாவின் குறையன்று. எந்த நாடாவும் இதனைக் காட்டவும் மாட்டாது. அளந்தறியாத ஒன்றை மனம் தானே படைத்துக்கொண்டது எனலாமோ? அவ்வாறாயின் மனம் விரும்பியபோது மிச்சத்தை நீக்கிக்கொள்ளவும் இயலவேண்டும். 1897இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கீழவை, வட்டத்தைச் சதுரமாக்கும் பிழையான முறையொன்றைச் சட்டவரைவாக நிறைவேற்றிற்று. மேலவை அதனைக் கிடப்பிற் போட்டது. போடாதிருப்பினும் பள்ளிமுனை மரம் மயிரிழையும் பருத்திராது, மெலிந்திராது. நம் விருப்பத்துக்கு வளையாத ஒன்றைக் கற்பனையென்று தள்ளுதல் எளிதன்று.

எனினும் மரம் வட்டமன்று என்னும் தடை எஞ்சுகின்றது. மேடும் பள்ளமுமான அடிமரத்தை இறுகச் சுற்றும் நாடா பள்ளங்களைத் தாண்டிச் செல்லும். அந்நாடா வரையும் உருவம் வட்டமாயினும் ஆகாதாயினும், எல்லாத் திசைகளிலும் அதன் அகலத்தை அளந்து சராசரி காணின், நாடாவின் நீளத்துக்கும் அச்சராசரிக்கும் உள்ள விகிதம் அதே எண்ணேயாம். 19ஆம் நூற்றாண்டில் கோஷி கண்ட இவ்வுண்மை வியப்புக்குரியது: வட்டமற்றதிலும் வட்டத்தின் எண் குடியிருக்கின்றது. ஆனால் 6.2 மீற்றர் என்பது இப்போது மரத்தினுட் கிடக்கும் ஒரு கோடன்று. பல கோடுகளின் சராசரி. மாணவன் கூறியதிற் பிழையில்லை. தான் எதைப்பற்றிக் கூறுகின்றான் என்பதையே அவன் அறியான்.

இவ்வேறுபாடு வெறும் நுணுக்க ஆராய்ச்சியன்று என்பது மரத்தின் வயதைப் பேசுமிடத்துப் புலனாகும். சுற்றளவிலிருந்து விட்டம், விட்டத்திலிருந்து ஆண்டு என்று கணிப்போர் உளர். முதற்படியில் நின்ற உறுதி இரண்டாம்படிக்கும் தொடர்வதுபோல் தோன்றும். பெருக்கமரமோ பல தண்டுகள் ஒன்றிப் பருப்பதுண்டு, நடுவே பொந்துபடுவதுண்டு, வறட்சியில் அதன் சுற்றளவு சுருங்குவதும் உண்டு. பரிதியை விட்டத்தோடு பிணைக்கும் எண் ஒருபோதும் மாறாது. விட்டத்தை ஆண்டுகளோடு பிணைக்க அத்தகைய எண் எதுவும் இல்லை. அம்மரம் 700 ஆண்டு கடந்தது என்னும் ஊர்வழக்கை 19.5 மீற்றர் என்ற அளவு உறுதிப்படுத்தவும் மாட்டாது, மறுக்கவும் மாட்டாது.