சுவரில் முப்பது நாள்

சார்பதிவாளர் அலுவலகச் சுவரில், வில்லங்கச் சான்றுக் கட்டண விவரத்துக்குப் பக்கத்தில் சில சமயம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஓர் ஆண், ஒரு பெண். வயது, தொழில், முகவரி. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி தரப்பட்ட அறிவிப்பு அது. 30 நாள் கழிந்த பிறகுதான் அவர்களுக்குத் திருமணம். கிரயப் பத்திரம் பதிய வந்தவர்கூட நின்று படித்துவிட்டுப் போகலாம்.

பெண்ணின் தகப்பனாரைப் பதிவாளருக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போன் போட்டால் போதும், அவருக்குச் செய்தி போய்விடும். "பெத்தவங்களுக்குத் தெரியாம நடத்தி வைக்கலாமா சார்?" என்று அலுவலகத்திலேயே யாராவது கேட்பார்கள். லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. முதல் மனைவியை மறைத்துவிட்டு இரண்டாவது தாலிக்குத் தயாராகிறவர்கள் இருக்கவே செய்கிறார்கள்.

அதற்கான காவலைச் சட்டமே போட்டு வைத்திருக்கிறது. ஏற்கெனவே கணவனோ மனைவியோ உயிரோடு இருப்பது, சம்மதம் தர முடியாத மனநிலை, ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிறையாதது, விலக்கப்பட்ட உறவுமுறை: இவற்றைச் சொல்லித்தான் ஆட்சேபிக்க முடியும். ஆட்சேபம் வந்தால் 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். "எங்களுக்கு இஷ்டமில்லை" என்பதும் சாதியும் மதமும் அந்தப் பட்டியலில் கிடையாது. ஆணவக்கொலைகள் நடக்கிற நாட்டில், போன் செய்தி கேட்டவர் ஆட்சேப மனுவோடுதான் வருவார் என்று எந்தப் பதிவாளரும் நம்ப முடியாது.

வீட்டு முகவரிக்கு அறிவிப்பு அனுப்பக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் சொன்னது. மணமக்கள் விரும்பினால் மட்டும் வெளியிட்டால் போதும் என்று 2021இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. தமிழ்நாட்டில் இந்துக்கள் இருவர் சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ள எந்த அறிவிப்பும் வேண்டாம். பெரும்பாலும் மதம் மாறாமல் வேறு மதத்தவரை மணப்பவர்தான் இந்தச் சுவருக்கு வர வேண்டியிருக்கிறது. இது அநியாயம்தான். ஆனாலும் தாளை ஒட்டாமல் விட்டுவிடும் அதிகாரம் தமிழ்நாட்டுப் பதிவாளருக்கு இல்லை. இரக்கத்துக்காகச் சட்டத்தை வளைக்கிறவர் நாளை வேறொன்றுக்காகவும் வளைப்பார்.

அவர் கையில் இருப்பது சட்டம் கேட்காத ஒன்றைத் தானாகச் சேர்க்காமல் இருப்பது. போன் போடுவது, அப்பாவைக் கூட்டி வரச் சொல்வது, "யோசிச்சுப் பாரும்மா" என்று இழுத்தடிப்பது எல்லாமே வரம்பு மீறல். சட்டம் கேட்பது மூன்று சாட்சிகளின் கையெழுத்து. அவர்களில் ஒருவர் பெற்றவராக இருக்க வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் இல்லை.