பிள்ளையின் ஹக்கை வாப்பா விட்டுக்கொடுக்கலாமா?

"சர்க்கார் கொடுப்பதை வாங்கித்தான் என் மகன் வளர வேண்டுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். பையனுக்கு ஆட்டிசம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி ஓராண்டாகிறது. ஓ.கே.யு. அட்டைக்கு மனுச் செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லியும் அவர் செய்யவில்லை. நண்பர் நல்லவர், ஒருவரிடமும் கடன் வைக்காதவர், ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். ஆகையால் அவர் கேள்வியைக் கோபித்துக்கொள்ளாமல் யோசித்துப் பார்ப்பது அவசியம். இதே எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வாய்திறவாமல் இருக்கும் வாப்பாமார்கள் நம்மில் பலர் உண்டு.

முதலில் இந்த ஆட்டிசம் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேச்சு தாமதப்படுவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, கண்ணைப் பார்க்காதது, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது, சில சத்தங்களைப் பொறுக்க முடியாமல் அலறுவது ஆகியவை இதன் அடையாளங்கள். அமெரிக்காவில் லியோ கன்னர் என்ற டாக்டர் 1943-இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய பிறகே வைத்திய உலகம் இதைத் தனியாகக் கவனித்தது. அப்புறம் நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். தாயார் பாசமில்லாமல் வளர்த்ததால் பிள்ளை இப்படி ஆயிற்று என்று படித்த டாக்டர்களே பல வருஷம் சொல்லி வந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்குத் தகப்பனாரான பெர்னார்ட் ரிம்லாந்து என்பவர் 1964-இல் ஒரு புத்தகம் எழுதி, இது மூளை சம்பந்தமான விஷயம், தாயின் குற்றமல்ல என்று வாதாடினார். 1977-இல் பிரிட்டனில் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து, பரம்பரைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று காட்டினார்கள். அமெரிக்க டாக்டர்களை நாம் குறை சொல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளில் இன்றைக்கும் மாமியார் மருமகளைப் பார்த்து, "கர்ப்பத்தில் நீ எதையோ பார்த்துப் பயந்தாய்" என்றுதானே சொல்கிறார்!

இனி விஷயத்துக்கு வருவோம். 2008-ஆம் ஆண்டு நம் நாட்டில் உடற்குறை, மனக்குறை உள்ளவர்களுக்கென ஒரு சட்டம் வந்தது. சமூக நல இலாகாவில் பதிந்துகொள்பவர்களுக்கு ஓர் அட்டை தருகிறார்கள். ஆட்டிசம், கற்றல் குறைபாடு என்ற பிரிவில் சேரும். மனநோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. அட்டை உள்ளவருக்கு சர்க்கார் ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்பு வார்டுக்குக் கட்டணமில்லை. பள்ளியில் சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகை உண்டு. குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்று 2019-இல் கல்வி அமைச்சு விதி செய்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே பயிற்சி தரும் பி.டி.கே. நிலையங்கள் 1984-இல் திரங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கி, இப்போது நாடெங்கும் நடக்கின்றன.

இவையெல்லாம் பெரிய உதவி என்று நான் சொல்ல வரவில்லை. 150 வெள்ளியை எடுத்துக்கொண்டு தனியாரிடம் பேச்சுப் பயிற்சிக்குப் போனால் ஓரிரு தடவையில் தீர்ந்துபோகும். சர்க்கார் ஆஸ்பத்திரியிலோ முறை வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பயிற்சி கொடுப்பவர்கள் குறைவு, பிள்ளைகள் அதிகம். கடையைப் பூட்டிவிட்டு அரைநாள் உட்கார்ந்தால் அன்றைய வியாபாரம் போயிற்று. இருந்தாலும், சிறு வயதில் கிடைக்கும் பயிற்சிக்கும் பத்து வயதில் கிடைக்கும் பயிற்சிக்கும் பலனில் வித்தியாசம் உண்டு. வாப்பா யோசித்துக்கொண்டிருக்கும் காலம் பிள்ளையின் காலத்திலிருந்து கழிகிறது.

மதரஸாவில் உஸ்தாத் சொல்லிக்கொடுத்த ஒரு மஸ்அலா எனக்கு இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. யத்தீமின் பொருளுக்கு வலியாக இருப்பவர், அதிலிருந்து யாருக்கும் அன்பளிப்புச் செய்ய முடியாது. தன் சொந்தப் பணமென்றால் வாரி வழங்கலாம். யத்தீமின் பணத்தில் தாராளம் காட்டினால் அதற்குப் பெயர் தர்மமல்ல. கடைக்காரனுக்கு இது எளிதில் புரியும். எனக்கு வரவேண்டிய பாக்கியை நான் "போகட்டும்" என்று விடலாம். விற்றுத் தருமாறு இன்னொருவர் என் கடையில் வைத்துப்போன சரக்கின் பாக்கியை விட்டுக்கொடுக்க நான் யார்? பெற்ற பிள்ளை யத்தீமல்லவே, கைக்கு வராத உதவி எப்படிச் சொத்தாகும் என்று நண்பர் கேட்கக்கூடும். யத்தீமுக்கு வரவேண்டிய கடனை, கேட்கக் கூச்சப்பட்டு வசூலிக்காமல் விட்ட வலியை நாம் என்ன சொல்வோம்? கூச்சம் வலியுடையது, நஷ்டம் யத்தீமுடையது. தகப்பனார் என்பதனால் அந்தக் கணக்கு மாறுவதாக எனக்குத் தோன்றவில்லை.

பிச்சை என்கிறாரே, அதையும் பார்ப்போம். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் கட்டிய ஆஸ்பத்திரியில் ஏழை பணக்காரர், ஆண் பெண் எல்லாருக்கும் இலவச வைத்தியம் நடந்தது. வக்பு வருமானத்தில் நடந்த அந்த இடத்தில் சித்தம் கலங்கியவர்களுக்கும் தனி இடம் இருந்தது. அலெப்போவில் 1354-இல் எழுந்த ஆஸ்பத்திரியிலும் அப்படியே. நண்பர் தமது பிள்ளைகள் எல்லாருக்கும் சர்க்கார் கிளினிக்கில் தடுப்பூசி போட்டார். மூத்தவன் சர்க்கார் பள்ளியில்தான் படிக்கிறான். அங்கெல்லாம் பிச்சை என்ற சொல் அவர் நாவில் வரவில்லை. இளையவன் விஷயத்தில் மட்டும் வருவானேன்?

ஏனென்றால் உண்மையான காரணம் வேறு. வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். அட்டை எடுத்தால் முத்திரை விழும், மாப்பிள்ளை வீட்டார் விசாரிப்பார்கள். இந்தப் பயம் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். "தஞ்சோங் ரம்புத்தான்" என்று ஊர்ப்பெயரைச் சொல்லியே ஒருவரைப் பைத்தியமென்று கேலி செய்யும் பழக்கம் நம்மிடம் உண்டு. 1911-இல் அங்கே மனநல ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து அந்த ஊர் பட்ட பாடு அது. பதினான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் கிடந்தாலும், இந்தக் கேலிக்குப் பயந்தே பெற்றோர் டாக்டரிடம் கொண்டுபோவதில்லை. ஓதிப் பார்க்கட்டும், அதை யார் தடுத்தார்கள்? டாக்டரிடமும் போகட்டும்.

ஆனால் அட்டை மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒரு துண்டு. அதைப் பார்த்து யாரும் பெண் கேட்க வருவதில்லை. பையனைத்தான் பார்க்கிறார்கள். அவனை மறைக்க வேண்டுமானால் வீட்டுக்குள் பூட்டித்தான் வைக்க வேண்டும். தங்கையின் கல்யாணச் செலவில் ஒரு பங்கை, பேசத் தெரியாத தம்பி தலையில் ஏற்றுவது எந்த நியாயத்தில் சேரும்? அவளைக் கேட்டால் அவளே சம்மதிக்க மாட்டாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மனு விஷயம் கடினமல்ல. சர்க்கார் ஆஸ்பத்திரி அல்லது கிளினிக்கில் டாக்டர் தம் பகுதியை நிரப்பிக் கையெழுத்திடுவார். பிள்ளையின் அடையாள அட்டை நகலும் படமும் சேர்த்து மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பாரம் மலாயில் இருக்கிறது. ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த உம்மாமார் பலருக்கு அதை வாசிக்கத் தெரியாது. பிறப்புப் பத்திரமே சரியாக இல்லாத பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் படியே அடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மலாய் எழுதத் தெரிந்த இளைஞர்கள் இரண்டு பேர் சங்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், இவ்விரண்டு வகையினருக்கும் உபயோகமாக இருக்கும்.