யாரும் கேட்காத படம்

பெங்களூரு மல்லேஸ்வரத்தின் குறுக்குத் தெரு ஒன்றில், வீட்டு முன்னறையையே பட்டறையாகவும் வகுப்பறையாகவும் வைத்திருக்கும் ஓவியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுத்த உருவப்படத்துக்குக் கெடு உண்டு. மாணவர்களுக்கு மணி உண்டு. வீட்டுக்குப் பசி உண்டு. தனக்காக வரையும் படம் மட்டும் எப்போது முடியும் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் முதலில் தள்ளிப்போவதும் அதுதான்.

இந்த இழுபறிக்கு வழி கண்டவர்களும் உண்டு. 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். அவருடன் போன மாணவர்கள் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். தங்கள் ஓவியத்துக்கான நேரத்தை அந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். பிழைப்பைக் கலையின் எதிரியாகப் பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தனக்கான படத்துக்கும் இடைவெளி தேவைதான். எண்ணெய் வண்ணத்தில் ஒரு பூச்சு காயவே சில நாள் பிடிக்கும். அவசரப்பட்டு மேலே பூசினால் பின்னால் வெடிப்பு விடும். பூச்சு காயும் அந்த நாட்களில் வகுப்பும் சமையலும் தாராளமாக நடக்கலாம். கான்வாஸ் பரண் ஏறாமல் இருந்தால் போதும்.