நேர்காணலும் நேர்மையும்

ஒருவனை அறிந்து அவனிடம் ஒரு பணியை ஒப்படைப்பது எளிய செயலன்று. திருவள்ளுவர் இதற்கென்றே பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை வகுத்துள்ளார். ஆளை ஆராய்ந்து நம்புவது ஒன்று. நம்பியபின் அவனுக்கேற்ற வினையைக் கொடுப்பது மற்றொன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை விரித்துரைக்கிறது. வயது, நிலம், மனை, கல்வி ஆகிய தகுதிகள் அங்கே கேட்கப்பட்டன. அவற்றோடு, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் தேர்வுக்கு உரியரல்லர் என்றும் விதிக்கப்பட்டது. கற்றவனா என்று கேட்ட முன்னோர், கணக்குக் காட்டியவனா என்றும் கேட்டனர்.

ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஓலையும் குடமும் போய்க் கணினித் திரை வந்துவிட்டது. ஆயினும் தேர்வின் உள்ளே இருக்கும் கேள்வி மாறவில்லை. ‘உனக்கு என்ன தெரியும்?’ என்பது வெளியே கேட்கும் கேள்வி, ‘உன்னை நம்பலாமா?’ என்பது உள்ளே கேட்கும் கேள்வி. முதற்கேள்விக்கு விடை தேடும் இளைஞர் பலர் இரண்டாவதை மறந்துவிடுகின்றனர்.

ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, பாசிர் கூடாங் செல்லும் வழியில் உள்ளது பெர்மாஸ் ஜெயா. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் கரை தெரியும் வட்டாரம் அது. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்க் கடற்பாலத்தைக் கடந்து, அக்கரையில் உழைத்து, இருட்டியபின் வீடு திரும்பும் தந்தையர் அங்கே உண்டு. தம் பிள்ளை தம்மைப் போல் அலையக்கூடாது, ஒரு நாற்காலியில் அமர்ந்து அறிவால் உழைக்க வேண்டும் என்பது அவர்களின் கனவு. அத்தகைய வீட்டிலிருந்து கல்லூரிக்குச் சென்று மென்பொருள் பொறியியல் பயிலும் ஒரு மாணவனை எண்ணிப் பார்க்கலாம். மலேசியப் பல்கலைக்கழகங்களின் கணினித்துறைப் பட்டப்படிப்புகளில் தொழிற்பயிற்சி பெரும்பாலும் கட்டாயமானது. எனவே அவன் ஒரு நிறுவனத்தில் பயிற்சி இடம் தேடியாக வேண்டும். அதற்குரிய வாயில் நேர்காணல்.

இந்த நேர்காணலின் முறையைத் தமிழாசிரியர் அறிந்துகொள்வது நன்று. முதலில் மாணவன் தன்விவரக் குறிப்பை அனுப்புகிறான். பின்னர்க் கணினி வழியே ஒரு நிரல் எழுதும் தேர்வு நடைபெறலாம். அதைக் கடந்தவனைப் பொறியாளர் ஒருவர் திரைவழி சந்திக்கிறார். ஒரு சிக்கலைக் கொடுத்து, ‘வாய்விட்டுச் சிந்தித்துக்கொண்டே தீர்வு காண்க’ என்கிறார். விடை மட்டும் அவருக்குப் போதாது. விடைக்குச் செல்லும் வழியையும் அவர் பார்க்க விரும்புகிறார்.

அடிக்கடி கேட்கப்படும் அடிப்படைச் சிக்கல் ஒன்றைக் காண்போம். அகரவரிசையில் அமைந்த அகராதியில் ஒரு சொல்லைத் தேட வேண்டும். முதற்பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்பவன் ஓய்ந்துபோவான். நடுப்பக்கத்தைத் திறந்து, தேடும் சொல் அதற்கு முன்னுள்ளதா, பின்னுள்ளதா என்று அறிந்து, வேண்டாத பாதியைத் தள்ளிவிடலாம். எஞ்சிய பாதியிலும் அவ்வாறே செய்யலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. பாதி பாதியாகத் தள்ளிக்கொண்டே சென்றால் 17 ஒப்பீடுகளுக்குள் எந்தச் சொல்லையும் கண்டுவிடலாம். ‘இருமத் தேடல்’ எனப்படும் இம்முறைக்கு நிரல் எழுதுமாறு பயிற்சிக்கு வரும் மாணவனைக் கேட்பதுண்டு.

இங்கேதான் அறச்சிக்கல் தலைகாட்டுகிறது. முந்திய நாள் இதே வினாவுக்குரிய விடையை மாணவன் மனப்பாடம் செய்திருக்கிறான் என்று கொள்வோம். நேர்காணலில் அவ்வினாவே வருகிறது. அவன் என்ன செய்ய வேண்டும்? ஒருசிலர் தரும் அறிவுரை வியப்பளிக்கும். உடனே விடை சொல்லிவிடாதே, சற்றுத் தயங்கு, நெற்றியைச் சுருக்கு, முதலில் ஒரு தவறான வழியைச் சொல்லிப் பிறகு திருத்திக்கொள், அப்போதுதான் நீ அங்கேயே சிந்தித்ததாக அவர் நம்புவார் என்பர். படித்தது குற்றமன்று. பயிற்சி பெறாமல் தேர்வுக்குச் செல்வதே பேதைமை. ஆயினும் தயக்கத்தையே நடித்துக் காட்டுவது என்ன? அது விடையை மறைப்பதன்று, தன்னையே மறைப்பது.

இதனினும் ஒருபடி மேலே சென்றவரும் உளர். தேர்வு நடக்கும் திரையிலேயே, கேட்பவர் கண்ணுக்குப் படாதவாறு, செயற்கை நுண்ணறிவு எந்திரம் விடையை எழுதிக் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. 2025இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இத்தகைய கருவியை உருவாக்கி, அதைக் கொண்டு பெரிய நிறுவனங்களின் நேர்காணலில் தேறியதாக வெளிப்படையாக அறிவித்தார். பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. அவரைப் பழித்தவரும் பலர், புகழ்ந்தவரும் பலர்.

புகழ்ந்தவர்களின் வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. ‘பணியிடத்தில் பொறியாளர்கள் அதே எந்திரத்தைத்தானே பயன்படுத்துகின்றனர்? மனப்பாடத்தை அளக்கும் தேர்வு எப்படி நேர்மையான தேர்வாகும்? தனிப்பயிற்சிக்குப் பணமில்லாத ஏழை மாணவன் வேறெப்படி முன்னேறுவான்?’ என்பன அவர்கள் கேட்கும் கேள்விகள். இம்மூன்றிலும் உண்மையின் கூறு உண்டு. தேர்வு முறையில் குறை இருக்கலாம். ஆனால் குறையுள்ள தராசைக் கண்டவன் ‘இத்தராசு சரியில்லை’ என்று சொல்லலாமே தவிர, தட்டின் அடியில் தன் விரலை வைத்து அழுத்தலாகாது. எந்திரத்தைப் பயன்படுத்தலாம் என்று நிறுவனமே இசைந்தால் அதில் குற்றமில்லை. குற்றம் கருவியில் இல்லை, மறைப்பில் இருக்கிறது. ஏழ்மையைச் சொல்லி வஞ்சத்தை நியாயப்படுத்துவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஏமாற்றிப் பெற்ற இடம் நிறுவனத்தின் உடைமையிலிருந்து போவதன்று. உண்மையாகத் தடுமாறி, உண்மையாக விடை சொல்லி, அந்த இடத்தை இழந்த மற்றொரு மாணவனிடமிருந்து போகிறது. அவனுடைய தந்தையும் விடியுமுன் பாலம் கடந்தவராக இருக்கலாம்.

அவ்வாறாயின் தன் குறைகளையெல்லாம் மாணவன் தானே எடுத்துரைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. கேளாத வினாவுக்கு விடை சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. சொல்லாமல் இருப்பது வேறு. பொய்த் தோற்றம் காட்டுவது வேறு. தன் வலிமையை முன்வைத்து, வலிமையின்மையைப் பற்றிக் கேட்டால் மட்டும் மெய் கூறுபவன் நேர்மை தவறியவன் ஆகான். மனப்பாடம் செய்த வினா வந்தால், ‘இதை நான் முன்பே பயின்றிருக்கிறேன், ஆயினும் இது ஏன் சரியாகிறது என்று விளக்குகிறேன்’ என்று சொல்லலாம். நல்ல தேர்வாளர் அதனால் அவனைத் தள்ளிவிட மாட்டார். வினாவைச் சற்றே மாற்றிக் கேட்பார். அப்போது உண்மையான சிந்தனை தொடங்கும்.

‘தெரியாது என்று சொன்னால் வாய்ப்புப் போய்விடுமே’ என்ற அச்சம் இளைஞர் நெஞ்சில் இருப்பது இயல்பு. அந்த அச்சத்திற்கு மருந்தாகும் வரலாறு ஒன்று மேலே கண்ட இருமத் தேடலுக்கே உண்டு. ஜான் பென்ட்லி என்னும் கணினி அறிஞர் இதைத் தேர்ந்த நிரலாளர்களிடமே கொடுத்து, போதிய நேரமும் தந்து எழுதச் சொன்னார். பத்தில் ஒன்பது பங்கினரின் நிரலில் பிழை இருந்ததை 1986இல் வெளிவந்த தம் நூலில் குறித்துள்ளார். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் அவர் வகுப்பில் அமர்ந்து அதே சிக்கலை எழுதிய ஆய்வு மாணவர்களுள் ஜோஷுவா பிளாக் என்பவரும் ஒருவர். பிற்காலத்தில் பிளாக் உலகமே பயன்படுத்திய ஜாவா மொழியின் நிரல் தொகுப்பில் இருமத் தேடலை எழுதினார். பென்ட்லி நூலில் காட்டிய வழியே அவர் சென்றார். பல ஆண்டுகள் எவரும் குறை காணவில்லை.

2006ஆம் ஆண்டில் அதில் பிழை உண்டு என்பது தெரியவந்தது. நடுவிடத்தைக் காண, கீழெல்லையையும் மேலெல்லையையும் கூட்டிப் பாதியாக்குவது வழக்கம். அங்கே கணினி முழு எண்ணுக்கு ஒதுக்கும் இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. பட்டியல் மிகப் பெரிதாகிக் கூட்டுத்தொகை இதைத் தாண்டினால், விடை எதிர்மறை எண்ணாகிவிடும், நிரல் முறிந்துவிடும். பிழை சிறிது, ஆனால் ஆசிரியரின் நூலிலும் மாணவரின் நிரலிலும் அது ஒளிந்திருந்தது. பிளாக் அதை மூடி மறைக்கவில்லை. தம் நிரலிலும் தம் ஆசிரியரின் நூலிலும் பிழை இருந்ததைத் தாமே எழுதி உலகறியச் செய்தார். அவர் பெருமை அதனால் குறையவில்லை. உலகெங்கும் நிரலாளர் தம் நிரல்களைத் திருத்திக்கொண்டனர். பேரறிஞரே பிழை செய்த இடத்தில் இருபத்தோரு வயது மாணவன் தடுமாறுவது இழிவாகுமா?

பிழையை ஒப்புக்கொள்ளாததன் விளைவையும் காலம் காட்டியுள்ளது. பிரிட்டனின் அஞ்சல் துறையில் 1999 முதல் ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு மென்பொருள் பயன்பட்டது. கிளை அஞ்சலகங்களில் பணம் குறைவதாக அது பொய்க்கணக்குக் காட்டியது. எந்திரம் தவறாது என்று சாதித்த அதிகாரிகள், கிளைகளை நடத்தியோர் மீது திருட்டுக் குற்றம் சாட்டினர். தொள்ளாயிரத்திற்கு மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். சிலர் சிறையும் சென்றனர். மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2024இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி அத்தீர்ப்புகளை நீக்கியது. ‘எங்கள் மென்பொருளில் தவறிருக்கலாம், தெரியவில்லை, பார்க்கிறோம்’ என்னும் சில சொற்கள் உரிய காலத்தில் சொல்லப்பட்டிருந்தால் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும்!

எனவே நேர்காணலில் ‘தெரியாது’ என்று சொல்லும் பழக்கம் தன்னடக்கத்தின் அழகு மட்டுமன்று. அது பிறர் உயிரையும் மானத்தையும் காக்கும் தொழிற்கடமையின் முதற்படி. மருத்துவமனை, வங்கி, வானூர்தி ஆகிய எல்லாம் மென்பொருளை நம்பி இயங்கும் காலம் இது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டி உள்ளே நுழைந்தவன், நுழைந்தபின்னும் அவ்வாறே காட்டிக்கொண்டிருக்க வேண்டியவனாகிறான். பயிற்சி என்பதோ தெரியாதவனுக்காகவே அமைந்த இடம். அங்கே அனைத்தும் தெரிந்தவனாக நடிப்பவன் கற்கும் வாய்ப்பைத் தானே அடைத்துக்கொள்கிறான். ஐயம் கேட்டால் தன் வேடம் கலைந்துவிடுமே என்று அஞ்சி அஞ்சி நாள் கழிப்பான்.

கேட்பவருக்கும் கடமை உண்டு. ‘தெரியாது’ என்ற சொல்லைக் கேட்டதும் ஏட்டை மூடிவிடும் தேர்வாளர், பொய்யர்களை உருவாக்கும் பட்டறையை நடத்துகிறார். ‘தெரியாவிட்டால் எப்படி அறிந்துகொள்வாய்?’ என்று அடுத்த வினா கேட்பவரே மனிதரை அளக்கத் தெரிந்தவர்.

எனினும் இவ்வழக்கின் வேர் நிறுவனத்தில் இல்லை, பள்ளியில் இருக்கிறது. ஆறாம் ஆண்டு மாணவருக்கான யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. ஆனால் சரியான விடையை மட்டுமே போற்றும் மனப்பான்மை அத்தேர்வோடு நீங்கிவிட்டதா? கேள்வி கேட்டதும் எழுந்து நின்று, ‘தெரியாது ஐயா’ என்று மெல்லச் சொல்லும் பிள்ளையை எத்தனை வகுப்பறைகள் மதிப்போடு அமர வைக்கின்றன? பக்கத்துப் பிள்ளையின் காதுமொழியைக் கேட்டுச் சரியாகச் சொன்னவனுக்குப் பாராட்டு. மெய்யாகத் தெரியாது என்றவனுக்குக் கடிந்துரை. பத்து வயதில் இந்தப் பாடத்தைக் கற்ற பிள்ளைதான் இருபது வயதில் மறைவான கருவியைத் திரையில் வைத்துக்கொள்கிறான். கருவி புதிது, பாடம் பழையது.

திறமையை நிறுவனங்கள் கற்றுக்கொடுத்துவிடும். கணினி மொழிகள் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறிவிடும். தன் அறிவின் எல்லை எதுவென்று அறிந்து, அதை அஞ்சாமல் எடுத்துரைக்கும் பண்பு மட்டும் இளமையில் ஊன்றப்பட வேண்டியது. ‘தெரியாது ஐயா’ என்று சொல்லும் பிள்ளையிடம், ‘நன்று; வா, இருவரும் சேர்ந்து பார்ப்போம்’ என்று ஆசிரியர் அகராதியைத் திறக்கும் வகுப்பறையில் அது ஊன்றப்படும்.