கபிலையை அழிக்கலாமா?

(இடம்: நஞ்சன்கூடு, கபிலை ஆற்றுப் படித்துறை. ஒலிப்பதிவு பயிலும் சீடன் மடிக்கணினியோடு வருகிறான்.)

சீடன்: ஐயா, ஆடாசிட்டி மென்பொருளில் ஒலியை வெட்டவும் ஒட்டவும் பழகிவிட்டேன். ஆனால் நேற்று இங்கே பதிந்த நாகசுரத்திலிருந்து ஆற்றுச் சத்தத்தை எடுக்க முடியவில்லை. எடுத்தால் வாசிப்பே குழறுகிறது.

குரு: எப்படி எடுத்தாய்?

சீடன்: ஆறு மட்டும் கேட்கிற இரண்டு நொடியைத் தேர்ந்து, இதுதான் இரைச்சல் என்று காட்டினேன். பிறகு பதிவு முழுக்கக் குறைக்கச் சொன்னேன்.

குரு: நீ சொன்னதை அது செய்திருக்கிறது. இரைச்சல் எது என்று அதற்குத் தெரியாது. நீ காட்டியதை நம்புகிறது. மின்சார ரீங்காரம் என்றால் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் நிற்கும், அங்கே மட்டும் கத்தி வைக்கலாம். ஆற்றோசை அடியிலிருந்து உச்சிவரை பரவிக் கிடக்கிறது. கார்வை தேய்ந்து அடங்கும் இடத்தில் நாகசுரமும் ஆறும் ஒரே அளவுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு எதைப் பிரிப்பது?

சீடன்: விலை கூடிய மைக் வாங்க வேண்டுமோ?

குரு: வாசித்தவருக்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம்?

சீடன்: பத்தடி இருக்கும்.

குரு: காதில் ஹெட்போன் இருந்ததா?

சீடன்: இல்லை. திரையில் அலை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குரு: கண்ணால் பதிந்திருக்கிறாய். திறந்தவெளியில் தூரத்தைப் பாதியாக்கினால் வாத்தியத்தின் ஒலி 6 டெசிபல் கூடும். ஆற்றின் ஒலி கூடாது. நெருங்கிப் போய், மைக்கின் முதுகை ஆற்றுப் பக்கம் திருப்பு.

சீடன்: நெருங்கினால் ஒலி பிசிறுமே?

குரு: கெயினைக் குறை. உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள். 24 பிட்டில் பதிந்த மெல்லிய ஒலியைப் பிறகு கூட்டலாம். பூஜ்ய டெசிபலைத் தொட்டு நறுக்குண்ட அலையின் தலை திரும்ப முளைக்காது.

சீடன்: அப்படியும் கொஞ்சம் ஆறு கேட்குமே ஐயா.

குரு: கேட்கட்டும். அவர் இந்தக் கரையில் உட்கார்ந்து, இந்த ஆற்றைக் கேட்டுக்கொண்டுதானே வாசித்தார்? எங்கே ஓங்குவது, எங்கே விடுவது என்பதில் ஆற்றுக்கும் பங்கு உண்டு. இந்த ஊர்ப் பங்குனித் தேரோட்டத்தில் கௌதம ரதம் நகரும்போது சக்கரத்தின் முனகலைப் பதியப் போகிறவனுக்கு இதே நாகசுரம் குறுக்கீடு. எதற்காகக் கேட்கிறாய் என்பதை முதலில் உன்னிடமே கேட்டுக்கொள். வேண்டாதது எது என்று அதற்குப் பிறகுதான் தெரியும். அவர் மூச்சு வாங்கும் இடங்களையும் வெட்டாதே, அதுவும் வாசிப்புதான்.

சீடன்: வெட்டவே வழியில்லாத காலத்தில் எப்படிப் பதிந்தார்கள்?

குரு: பாடகி கௌஹர் ஜான் 1902-ல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். மைக் கிடையாது, கூம்புக்குள் பாட வேண்டும். சுமார் மூன்று நிமிடத்துக்குள் ராகத்தின் முகத்தைக் காட்டியாக வேண்டும். முடிவில் தம் பெயரை உரக்கச் சொல்வார், கடல் கடந்து தட்டு அச்சிடுகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று. கடைசியில் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து, 1930-ல் மைசூரிலேயே காலமானார்.

சீடன்: அந்தத் தட்டுகளிலும் இரைச்சல் இருக்கிறது.

குரு: பாடியவர் யார் என்பதும் இருக்கிறது. நீ முதலில் நேற்றைய மூலக் கோப்பை வேறொரு டிரைவில் பிரதி எடுத்து வை, அதில் கை வைக்காதே. சாயங்காலம் மறுபடி பதிவு செய். வாசிப்பு முடிந்ததும் நாள், இடம், வாசித்தவர் பெயர் மூன்றையும் மைக்கில் சொல்லிவிட்டு நிறுத்து.